பூட்டைத் தேடிய கதை

மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும் நாம் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே படிக்கிறோம். எந்த நோய்க்கு எந்த மருந்தை எவர் எந்த ஆண்டில் கண்டார் என்பதை மனப்பாடம் செய்துவிட்டால் வரலாறு முடிந்துவிட்டதென்று எண்ணுகிறோம். ஆனால் அம்மருந்து உடலுக்குள்ளே சென்று எதைத் தொடுகிறது? தொடப்படும் அந்தப் பொருள் யாது? இந்தக் கேள்வியைக் கேளாது விட்டதனால், ஒரு கொடிய நோயைப் பற்றிய அறிவு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தயங்கித் தயங்கியே நடந்தது. கேட்ட பிறகு அதன் நடையில் வேகம் பிறந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நோய், புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய். ஆண்களின் உடலில் சிறுநீர்ப்பையின் வாயை ஒட்டி, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவில் அமைந்துள்ளது இச்சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதியை இதுவே சுரக்கிறது. இளமையில் இப்படி ஒன்று உடலில் இருப்பதையே நாம் அறிவதில்லை. முதுமையில் இது வீங்கிச் சிறுநீரைத் தடுப்பதுண்டு; அந்த வீக்கம் வேறு, புற்றுநோய் வேறு. புற்று தோன்றினால் பலருக்கு அது மெல்ல வளர்கிறது. சிலருக்கோ சுரப்பியின் எல்லையைக் கடந்து, முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவி, தாங்கொணா வலியைத் தருகிறது.

இச்சுரப்பிக்கும் விதைகளுக்கும் ஏதோ உறவு உண்டு என்பதை முதலில் எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஜான் ஹண்டர் என்னும் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர். காயடிக்கப்பட்ட விலங்குகளில் புராஸ்டேட் சுரப்பி சிறுத்துவிடுவதை அவர் 1786ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் குறித்தார். விதையை நீக்கினால் வேறோரிடத்திலுள்ள சுரப்பி ஏன் சிறுக்க வேண்டும்? 1849இல் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்பவர் ஆறு சேவற்குஞ்சுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். விதை நீக்கப்பட்ட சேவல்கள் கூவவில்லை, கொண்டை வளரவில்லை, சண்டையிடவும் இல்லை. ஆனால் நீக்கிய விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறோரிடத்தில் வைத்தபோது, அச்சேவல்கள் மற்றச் சேவல்களைப் போலவே வளர்ந்தன, கூவின, சண்டையிட்டன. அந்த விதைக்குப் பழைய நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆகவே விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சென்று வேலை செய்கிறது என்று பெர்த்தோல்டு முடிவு கட்டினார்.

அத்தகைய பொருளுக்குப் பெயர் வைத்தவர் லண்டன் நகரத்து ஸ்டார்லிங். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹார்மோன்’ என்ற பெயரை அவர் 1905ஆம் ஆண்டில் வழங்கினார். அதே 1905ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் லாங்லி என்னும் அறிஞர் மற்றொரு கருத்தை வெளியிட்டார். நஞ்சோ மருந்தோ ஓர் உயிரணுவில் வேலை செய்ய வேண்டுமானால், அவ்வுயிரணுவில் அதனை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. ஜெர்மானியராகிய பால் எர்லிக்கும் ஏறத்தாழ இதே கொள்கையைக் கூறி வந்தார். அந்த ஏற்கும் பொருளைத்தான் இன்று நாம் ‘ஏற்பி’ என்கிறோம்.

மாணவர்களே, இங்கே ஓர் உவமையைச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் ஒரு சாவி. ஏற்பி ஒரு பூட்டு. சாவி இரத்தத்தின் வழியே எல்லா உறுப்புகளுக்கும் செல்கிறது. எந்த உயிரணுவில் அதற்குரிய பூட்டு இருக்கிறதோ, அங்கே மட்டும் கதவு திறக்கிறது. சாவிக்கும் பூட்டுக்கும் அறிவியல் உலகம் ஒரே ஆண்டில் பெயர் வைத்தது. ஆனால் சாவிக்குக் கிடைத்த மதிப்பு பூட்டுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளியது: சாவியைப் பிரித்தெடுத்துக் கையில் வைத்துப் பார்க்க முடிந்தது, பூட்டோ நெடுங்காலம் வெறும் கற்பனையாகவே இருந்தது.

சாவியைத் தேடும் முயற்சியில் வேதியியலார் பெருவெற்றி கண்டனர். 1935இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கூர் என்பாரின் குழுவினர், ஏறத்தாழ 100 கிலோகிராம் காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்து, அதற்கு டெஸ்டாஸ்டிரோன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் ஜெர்மானியராகிய பூட்டனன்ட், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய ருசிக்கா ஆகிய இருவரும் தனித்தனியே அதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

இனி நம் கதையின் தலைவர் ஒருவரைச் சந்திப்போம். சார்லஸ் ஹக்கின்ஸ் 1901இல் கனடா நாட்டிலுள்ள ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்தவர். 1927 முதல் அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். புராஸ்டேட் சுரப்பியின் நீர் எவ்வாறு சுரக்கிறது என்பதை அவர் நாய்களைக் கொண்டு ஆராய்ந்து வந்தார். மனிதனைப் போலவே, வயது முதிர்ந்த நாய்களுக்கும் அச்சுரப்பியில் கட்டிகள் உண்டாவதுண்டு. சீராக நடந்துகொண்டிருக்கும் சோதனையில் கட்டியுள்ள நாயொன்று வந்து சேர்ந்தால் கணக்கெல்லாம் கெட்டுவிடும். முதலில் அவருக்கு அது ஓர் எரிச்சலாகவே இருந்தது. பின்னர் அந்த எரிச்சலையே அவர் ஆராய்ச்சியாக்கினார். விதைகளை நீக்கியதும் நாய்களின் கட்டிகள் சுருங்குவதைக் கண்டார்.

அக்காலத்தில் புற்றுநோயைப் பற்றி நிலவிய நம்பிக்கை யாது? புற்று எவருக்கும் கட்டுப்படாதது; உடலின் ஆணையை மீறித் தன்போக்கில் வளர்வது; அதனை வெட்டலாம், கதிர்களால் சுடலாம், அடக்கியாள மட்டும் இயலாது என்பதே. ஹக்கின்ஸ் இந்த நம்பிக்கையை ஐயுற்றார். அவருக்கு உதவியாக ஓர் அளவுகோலும் கிடைத்திருந்தது. இந்நோய் எலும்புக்குப் பரவியவர்களின் இரத்தத்தில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதி மிகுவதை நியூயார்க் நகரில் கட்மன் தம்பதியர் 1938இல் வெளியிட்டிருந்தனர். ஹக்கின்ஸும் அவருடைய மாணவர் ஹாட்ஜஸும் இந்த அளவுகோலைக் கையில் எடுத்தனர். நோயாளிகளின் விதைகளை நீக்கியபோது நொதியின் அளவு வீழ்ந்தது; ஆண் ஹார்மோனை ஊசி வழியே செலுத்தியபோது அது உயர்ந்தது. 1941இல் இம்முடிவுகள் வெளிவந்தன. நோய் முற்றிய நிலையில் முதலில் அறுவை செய்துகொண்ட 21 பேருள் பலருக்கு வலி தணிந்தது. நான்கு பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். புற்றும் உடலின் ஆணைக்குக் கட்டுப்படுவதுண்டு என்பது மெய்ப்பிக்கப்பட்டது. இதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபெல் பரிசு கிடைத்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! முடியவில்லை. நான்கு பேர் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்றேன். மற்றவர்களின் நிலை என்ன? ஓராண்டோ, ஈராண்டோ, மூன்றாண்டோ அடங்கிக் கிடந்த நோய் மீண்டும் தலைதூக்கியது. விதைகள் இல்லை, எனினும் புற்று வளர்ந்தது.

அப்போது அறிஞர்கள் செய்தது என்ன? வேறு சாவிகளைத் தேடினார்கள். சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளும் சிறிதளவு ஆண் ஹார்மோனைத் தருவதால், ஹக்கின்ஸ் 1945இல் அவற்றையும் நீக்கிப் பார்த்தார். இங்கிலாந்தில் டாட்ஸ் என்பவர் 1938இல் செயற்கையாக ஆக்கிய ஸ்டில்பெஸ்டிரால் என்னும் பெண் ஹார்மோனைப் பலர் மருந்தாகக் கொடுத்தனர். மிகுந்த அளவில் அது இதய நோயால் வரும் சாவைப் பெருக்குகிறது என்பது 1967இல் தெரியவந்தது. பின்னர் ஷாலி, கில்மின் என்ற இருவரின் குழுக்கள், விதைகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகின்ற மூளை ஹார்மோனின் அமைப்பை 1971இல் கண்டன. அதனை ஒத்த மருந்தை இடைவிடாது கொடுத்தால் தூண்டுதலுக்கு மாறாகச் சுரப்பு நின்றுவிடும் என்னும் விந்தை தெரிந்தபின், 1980களில் அறுவையில்லாமலே ஆண் ஹார்மோனைக் குறைக்கும் வழி பிறந்தது. நோயாளிக்கு இது பெரிய ஆறுதல்தான். ஆயினும் இவையாவும் சாவியைப் பறிக்கும் வழிகளே. மீண்டும் வரும் நோய் மீண்டும் வந்துகொண்டேயிருந்தது.

அவ்வாறு திரும்பி வந்த நோய்க்கு மருத்துவ நூல்கள் ஒரு பெயர் சூட்டின. ‘ஹார்மோனைச் சாராத புற்றுநோய்’ என்பது அப்பெயர். சாவி இல்லாமலே வளர்கிறதாதலால், இனி இதற்கும் ஹார்மோனுக்கும் தொடர்பில்லை என்பது அதன் உட்பொருள். படுக்கையில் கிடந்த நோயாளிக்கு இப்பெயரின் பொருள் என்ன தெரியுமா? இவ்வழியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே. ஹக்கின்ஸ் எந்த நம்பிக்கையை உடைத்தாரோ, அதே நம்பிக்கை புதுப்பெயர் தாங்கிப் பின்வாசல் வழியே வந்து அமர்ந்துகொண்டது.

இதற்கிடையில் பூட்டைத் தேடும் வேலை வேறொரு மூலையில் நடந்துகொண்டிருந்தது. அதுவும் ஹக்கின்ஸ் இருந்த அதே சிக்காகோவில்தான். எல்வுட் ஜென்சன் என்பவர் வேதியியல் கற்றவர். ருசிக்காவிடம் ஜூரிச் நகரில் ஓராண்டு பயின்றவர். அங்கிருந்தபோது, மலையேறிப் பழக்கமில்லாத அவர் மாட்டர்ஹார்ன் என்னும் கொடுமுடியில் ஏறினார். அம்மலையை முதன்முதலில் 1865இல் வென்ற விம்பர், எளிதாகத் தோன்றிய இத்தாலியப் பக்கத்திலிருந்து பலமுறை முயன்று தோற்றவர். செங்குத்தாகத் தோன்றிய சுவிஸ் பக்கத்திலிருந்து ஏறியே உச்சியை அடைந்தார். எல்லோரும் செல்லும் பக்கத்தை விட்டு மறுபக்கத்திலிருந்து ஏறிப் பார்க்க வேண்டும் என்னும் பாடத்தை ஜென்சன் அங்கே கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் எல்லோரும், ‘ஹார்மோன் உறுப்பை என்ன செய்கிறது?’ என்று கேட்டுக்கொண்டிருந்தனர். ‘உறுப்பு ஹார்மோனை என்ன செய்கிறது?’ என்று ஜென்சன் கேட்டார். பெண் ஹார்மோனாகிய எஸ்டிரடையாலில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனை, அதாவது டிரிட்டியத்தை இணைத்தார். மிகச் சிறிய அளவையும் அளந்தறிய இது வழி செய்தது. அதனை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தி, ஜேக்கப்சன் என்பவருடன் சேர்ந்து அது செல்லுமிடத்தைத் தொடர்ந்தார். மற்ற உறுப்புகளில் அது வந்தவாறே சென்றுவிட்டது. கருப்பையிலோ தங்கியது, நெடுநேரம் தங்கியது, எவ்வித மாறுதலும் அடையாமல் தங்கியது. அங்கே ஏதோ ஒன்று அதனைப் பற்றிக்கொண்டிருந்தது. கற்பனைப் பூட்டு முதன்முறையாகக் கைக்கு எட்டியது.

இதனை 1958இல் வியன்னா நகரத்து உயிர்வேதியியல் மாநாட்டில் ஜென்சன் எடுத்துரைத்தார். கேட்க வந்தவர்கள் ஐவர்; அவர்களுள் மூவர் அதே அரங்கில் பேச வந்தவர்கள். பக்கத்து அரங்கில், ஹார்மோன் நொதிகளால் எவ்வாறு மாற்றப்படுகிறது என்னும் பழைய கொள்கையைக் கேட்க ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர்! இந்நிகழ்ச்சியை மாணவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. கூட்டத்தின் அளவு உண்மையின் அளவு அன்று.

கருப்பைக்கு ஒரு பூட்டு இருந்தால், புராஸ்டேட் சுரப்பிக்கும் ஒன்று இருக்க வேண்டுமன்றோ? 1968இல் டல்லஸ் நகரில் புருக்காவ்ஸ்கியும் வில்சனும், சிக்காகோவில் ஆண்டர்சனும் லியாவும் இதற்கு விடை கண்டனர். தைவான் தீவில் பிறந்து சிக்காகோவில் பணியாற்றிய ஷூட்சுங் லியாவ் இக்கதையின் மற்றொரு தலைவர். டெஸ்டாஸ்டிரோன் புராஸ்டேட் உயிரணுவுக்குள் நுழைந்ததும் டைஹைட்ரோ டெஸ்டாஸ்டிரோன் என்னும் இன்னும் வலிமையுள்ள பொருளாக மாறுகிறது. அப்பொருளை ஒரு புரதம் இறுகப் பற்றிக்கொண்டு உட்கருவிலே தங்கச் செய்கிறது. அந்தப் புரதமே ஆண் ஹார்மோன் ஏற்பி. 1988இல் லியாவின் குழுவும், வட கரோலினாவைச் சேர்ந்த மற்றொரு குழுவும் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அது எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆணின் எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்து வருவது. ஆகவே ஆணுக்கு ஆண் தோற்றத்தைத் தரும் அப்பூட்டு, அவன் தன் தாயிடமிருந்து பெறும் சொத்து!

இப்பூட்டு வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி வராத வேளையில் ஏற்பி, துணைப் புரதங்கள் சில தாங்கிப் பிடிக்க, உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகிறது, துணைகள் விலகுகின்றன, அது உட்கருவினுள் நுழைந்து, தன்னைப் போன்ற மற்றோர் ஏற்பியுடன் இணைந்து, மரபணுக்களின் அருகே குறிப்பிட்ட இடங்களில் அமர்கிறது. உடனே அம்மரபணுக்கள் விழிக்கின்றன. உயிரணு வாழவும் பெருகவும் வேண்டிய புரதங்கள் உருவாகின்றன. அவற்றோடு பி.எஸ்.ஏ. என்னும் புரதமும் உண்டாகி இரத்தத்தில் கசிகிறது.

இந்த பி.எஸ்.ஏ. புரதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1980களிலிருந்து நோயின் போக்கை அறிய மருத்துவர்கள் இதனையே அளந்து வந்தனர். ஹார்மோனைச் சாராதது என்று பெயர் பெற்ற நோயிலும் இதன் அளவு ஏறிக்கொண்டே சென்றது. சற்று எண்ணிப் பாருங்கள். இப்புரதம் உண்டாக வேண்டுமானால் ஏற்பி மரபணுவின் மேல் அமர்ந்திருக்க வேண்டும். சாவி இல்லை என்று நாம் சொல்கிறோம். கதவோ திறந்து கிடக்கிறது. பூட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது என்னும் செய்தி நோயாளியின் ஒவ்வொரு இரத்தச் சோதனைத் தாளிலும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் பெயர் கண்ணை மறைத்தது.

மெல்ல மெல்லத் திரை விலகியது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஒரு புற்றுயிரணு வகையில் ஏற்பியின் ஓரிடம் மாறியிருப்பதை 1990இல் கண்டனர். அந்த ஒரு மாற்றத்தால் பூட்டின் துளை தளர்ந்து வேறு சாவிகளுக்கும் இடங்கொடுத்தது. பூட்டை அடைப்பதற்கென்று கொடுத்த புளூட்டமைடு என்னும் மருந்தே அதற்குச் சாவியாகிவிட்டது! அம்மருந்தை நிறுத்தியவுடன் சில நோயாளிகள் தேறியதை 1993இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்டனர். 1995இல் பின்லாந்திலுள்ள டாம்பரே நகர ஆய்வாளர்கள், திரும்பி வந்த 23 கட்டிகளில் ஏழில் ஏற்பியின் மரபணு பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டனர். சிகிச்சைக்கு முன் அதே நோயாளிகளிடம் அப்பெருக்கம் இல்லை. சாவி அரிதானபோது புற்று பூட்டுகளைப் பெருக்கிக்கொண்டது. இதுவும் போதாதென்று, சில புற்றுகள் தமக்கு வேண்டிய ஹார்மோனைத் தமக்குள்ளேயே ஆக்கிக்கொள்வதும் தெரியவந்தது.

2004இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சாயர்ஸ் என்பவரின் குழுவினர், ஏற்பியின் அளவு மிகுவது ஒன்றே பழைய மருந்துகளைப் பயனற்றவையாக்கப் போதும் என்று காட்டினர். பூட்டு மிகுந்திருக்கும் உயிரணுவிலும் வேலை செய்யக்கூடிய பொருளை அவர்கள் வேதியியலாராகிய ஜங் என்பவருடன் சேர்ந்து தேடினர். அதன் பயனாகப் பிறந்த என்சலூட்டமைடு 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹார்மோன் எங்கே உண்டானாலும் அதனைத் தடுக்கும் அபிராட்டரோன், லண்டனிலுள்ள புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் உருவாகி 2011இல் ஒப்புதல் பெற்றது. பிற சிகிச்சைகள் பலனற்றுப்போன 1199 பேரிடம் நடந்த சோதனையில், மருந்தில்லாதவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.6 மாதங்கள், என்சலூட்டமைடு பெற்றவர்களுக்கு 18.4 மாதங்கள். ஐந்து மாதங்கள் சிறிய கணக்கு என்று இளைஞர்களாகிய உங்களுக்குத் தோன்றலாம். ஒரு தந்தைக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அது சிறிய கணக்கன்று. பின்னர் நோயின் முந்திய நிலைகளிலேயே இவ்வகை மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கியபோது பயன் இன்னும் பெருகியது.

‘ஹார்மோனைச் சாராத நோய்’ என்ற பெயரும் கைவிடப்பட்டது. ஹார்மோனைக் குறைத்தும் அடங்காத நோய் என்று பொருள்படும் மற்றொரு பெயர் 2008ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்தது. முன்னைய பெயர் ஒரு தீர்ப்பு. பின்னைய பெயர் கண்டதைக் கண்டவாறு சொல்லும் ஒரு குறிப்பு. தீர்ப்புக்குப் பின் விசாரணை இல்லை. குறிப்புக்குப் பின்னரே விசாரணை தொடங்குகிறது.

நோய் வெல்லப்பட்டுவிட்டதா? இல்லை. 2014இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், ஏற்பியின் குறைவுபட்ட வடிவம் ஒன்றைச் சில நோயாளிகளின் இரத்தத்தில் திரியும் புற்றுயிரணுக்களில் கண்டனர். அதில் ஹார்மோன் பொருந்தும் பகுதியே இல்லை. சாவித்துளை இல்லாத பூட்டு அது. எப்போதும் திறந்தே கிடப்பது. அத்தகையோருக்கு மேற்சொன்ன இரு மருந்துகளும் அச்சோதனையில் பயன் தரவில்லை. ஆகவே தேடல் தொடர்கிறது.

நேயர்களே, ஹண்டர் முதல் இன்றுவரை இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இவ்வரலாற்றில் எவரையும் நான் குறை சொல்லவில்லை. சாவியைத் தேடியவர்கள் தேடியிராவிட்டால், பூட்டைத் தேடியவர்களுக்குக் கையில் கருவியே இருந்திராது. எஸ்டிரடையாலைப் பிரித்தெடுத்த பின்னரே அதில் டிரிட்டியத்தை இணைக்க முடிந்தது. ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். நாளை உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள். சிலர் வேறு துறைகளில் ஆராய்வீர்கள். பாடநூலில் ஒரு பொருளுக்குப் பெயர் அச்சாகியிருப்பதால் அப்பொருள் விளங்கிவிட்டது என்று அமைதியடையாதீர்கள். அப்பெயருக்கு மாறாக ஏதேனும் ஓர் அளவு, ஒரு சோதனைத் தாள், ஒரு நோயாளியின் உடல்நிலை சான்று கூறுகிறதா என்று பாருங்கள். கூறுமானால், பெயரை விட்டுவிட்டுச் சான்றைப் பின்பற்றுங்கள்.